செதில் கணக்கு

இரவு நேரத்தில் வீட்டுச் சுவரோரம் ஒரு பாம்பு போகிறது. கருத்த உடம்பு, குறுக்கே வெள்ளைக் கோடுகள். அது கட்டுவிரியனாக இருந்தால், கடித்தது தெரியாமலே ஆள் செத்துப்போகலாம். பாயில் படுத்திருந்தவர் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். இமை சரியும், நாக்குக் குழறும், கடைசியில் மூச்சுக்கான தசைகள் நின்றுபோகும். அது வெள்ளிக்கோல் வரையனாக இருந்தால், பல்லி பிடிக்க வந்த நஞ்சில்லாப் பிராணி. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். இரண்டும் இரவில்தான் நடமாடும். இரண்டும் வீட்டுப் பக்கம் வரும்.

பாம்புகளை இனங்காட்டும் கையேடுகள் இந்த ஜோடியைப் பற்றித் தவறாமல் பேசும். முதலில் கோடுகளைச் சொல்லும். கட்டுவிரியனுக்குக் கோடுகள் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கி, வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும். பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். வரையனுக்குக் கழுத்திலேயே தொடங்கி, வால் பக்கம் மங்கிவிடும். இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே கையேடு ஜகா வாங்கும்: சில கட்டுவிரியன்களுக்கு, அதுவும் வயதானவற்றுக்கு, கோடே இருக்காது. ஆகவே நிறத்தை விடு, செதிலைப் பார் என்று அழைத்துப் போகும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கின்றனவா? கீழுதட்டுச் செதில்களில் நான்காவது பெரிதா? வாலின் அடியில் செதில்கள் இரண்டாகப் பிளவுபடாமல் ஒற்றை வரிசையாகப் போகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் கட்டுவிரியன்.

இந்த முறையைச் சாதாரண ஆட்களின் கைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் வால். 1868-இல் இலங்கையில் பிறந்தவர், ஆங்கிலேய இந்தியப் படையில் மருத்துவர். இந்தியத் துணைக்கண்டத்தின் நஞ்சுள்ள பாம்புகளை எப்படி அடையாளம் காண்பது என்று அவர் எழுதிய சிறு நூல் 1907-இல் வந்து, 1928 வரை நான்கு பதிப்புகள் கண்டது. 1921-இல் இலங்கைப் பாம்புகளைப் பற்றித் தனியே பெரிய நூல் ஒன்றும் எழுதினார். அவருடைய வழி, கேள்விக்கு மேல் கேள்வியாகப் போகும். வால் துடுப்பு மாதிரித் தட்டையா? அப்படியானால் கடல் பாம்பு. வயிற்றுச் செதில்கள் வயிற்றின் முழு அகலத்துக்கும் நீள்கின்றனவா? இல்லையென்றால் மண்ணுளியோ மலைப்பாம்போ, கவலை வேண்டாம். நீள்கின்றன என்றால், தலைமேல் பொடிச் செதில்களா பெரிய தகடுகளா? பொடிச் செதில் என்றால் விரியன் வகை. கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி இருந்தால் குழிவிரியன். மேலுதட்டின் மூன்றாவது செதில் ஒரு பக்கம் கண்ணையும் மறுபக்கம் மூக்குச் செதிலையும் தொட்டால் நல்லபாம்பின் குடும்பம். அதுவும் இல்லையென்றால் முதுகு வரிசையைப் பார்.

கட்டுவிரியனுக்கு ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளம் கேட்கிறார்? காரணம் இருக்கிறது. கொம்பேறி மூக்கனுக்கும் பூனைப்பாம்புக்கும்கூட முதுகின் நடுவரிசைச் செதில் பெரிதாகவே இருக்கும். முதுகை மட்டும் பார்த்தால் ஊரில் பாதிப் பாம்புகள் கட்டுவிரியனாகிவிடும். இந்தக் கேள்வி வரிசை இன்றைக்கும் நம் மருத்துவக் கல்லூரிகளில் தடய மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. பாடத்தை நெட்டுருப் போட்டவர்களில் எத்தனை பேர் ஒரு பாம்பின் கீழுதட்டை உண்மையிலேயே பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

உயிருள்ள பாம்பின் உதட்டை யாரும் போய்ப் பார்க்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. கடித்த பாம்பைப் பிடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்கியவர்களும் உண்டு. நம் மருத்துவமனைகளில் தரப்படும் நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. மருத்துவர் பாம்பைவிட நோயாளியின் அறிகுறிகளைத்தான் பார்ப்பார். ஆனாலும் இனங்காணல் வீண்வேலை அல்ல. கேரளத்திலும் இலங்கையிலும் மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று இருக்கிறது. நான்கில் அது சேராது, நம் நச்சுமுறி அதற்கு உதவுவதும் இல்லை. அதன் கடியைச் சுருட்டை விரியன் கடி என்று எண்ணி மருந்து ஏற்றிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சுருட்டைக்குத் தலைமேல் பொடிச் செதில். இதற்கோ பெரிய தகடுகள், அதோடு கன்னத்தில் குழி. ஃபிராங்க் வாலின் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் போதும்.

செதில் எண்ணும் பழக்கம் ஃபிராங்க் வாலுக்கும் முந்தியது. லின்னேயஸ் 1758-இல் உயிரினங்களை வரிசைப்படுத்தியபோது பாம்புகளுக்கு வயிற்றுச் செதில் எத்தனை, வால் செதில் எத்தனை என்ற இரண்டு எண்களைத்தான் முதன்மை அடையாளமாகக் கொடுத்தார். அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் சாராயத்தில் ஊறிய உடல்கள். ஊறிய உடலில் பச்சை நீலமாகும், மஞ்சள் வெளுக்கும், கண்ணின் நிறம் போய்விடும். எண்ணிக்கை மட்டும் அப்படியே நிற்கும்.

இந்தியாவில் இதை உயிருள்ள பாம்புகளோடு சேர்த்துச் செய்தவர் பேட்ரிக் ரஸ்ஸல். 1727-இல் எடின்பரோவில் பிறந்து, சிரியாவின் அலெப்போவில் கொள்ளைநோய்க்கு வைத்தியம் பார்த்து, 1781-இல் தம்பியோடு விசாகப்பட்டினம் வந்தவர். 1785 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண இயற்கையியலாளர். கோரமண்டல் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள் கொண்ட பெரிய அளவுப் புத்தகம். பாம்புகளுக்கு லத்தீன் பெயர் சூட்டும் வேலையில் அவர் இறங்கவில்லை; ஊரார் சொன்ன தெலுங்குப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் போட்டார். ஒவ்வொன்றின் நீளத்தையும் செதில் எண்ணிக்கையையும் குறித்தார். கோழியையும் நாயையும் கடிக்கவிட்டு, எத்தனை நிமிடத்தில் என்ன ஆயிற்று என்று எழுதினார். படிக்கச் சங்கடமான பக்கங்கள்தான். எந்தப் பாம்புக்கு நஞ்சு உண்டு, எதற்கு இல்லை என்பதைக் கேள்வியறிவிலிருந்து விடுவித்தவை அந்தப் பக்கங்களே. கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் இன்றும் ரஸ்ஸல் இருக்கிறார்.

சாராயத்தில் நிறம் போனாலும் எண்ணிக்கை போகாது என்பது செதிலை நம்புவதற்கு ஒரு காரணம்தான். அதைவிட ஆழமான காரணம் உடலுக்குள் இருக்கிறது. பெரும்பாலான பாம்புகளில் ஒரு வயிற்றுச் செதிலுக்கு ஒரு முள்ளெலும்பு, அதற்கு ஒரு ஜோடி விலா என்பது கணக்கு. வெளியே செதிலை எண்ணுகிறவர் தோலைக் கீறாமலே உள்ளே இருக்கும் முதுகெலும்பை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஊர்ந்து போகும்போது விலாவில் தொடங்கும் தசைகள் இந்தச் செதில்களை இழுத்து நிலத்தைப் பற்றுவதால், எலும்பும் செதிலும் ஜோடியாக இருந்தாக வேண்டியிருக்கிறது.

மனிதக் கருவில் முள்ளெலும்புகள் 33 அளவில் உருவாகின்றன. பாம்புக்கு இருநூறு, முந்நூறு எப்படி வந்தது? கருவின் முதுகுப்புறத் திசு, தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை ஒரு துண்டாகப் பிரிந்துகொண்டே வரும். துண்டுகள்தான் பிறகு முள்ளெலும்பாகும். சோளப்பாம்பு என்று அழைக்கப்படும் அமெரிக்கப் பாம்பின் கருவில் இப்படி 315 துண்டுகள் உருவாவதை 2008-இல் ஒரு குழு காட்டியது. கரு வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால், துண்டு போடும் தாளம் பாம்பில் எலியைவிடப் பல மடங்கு விரைவு. அதனால் துண்டுகள் சிறியவை, எண்ணிக்கை அதிகம். சோளப்பாம்பு ஆய்வுக்கூடத்துக்குச் சுலபமாகக் கிடைத்ததற்கு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதை வீட்டில் வளர்த்து முட்டையிட வைக்கும் கலை ஏற்கெனவே கைவந்திருந்ததும் ஒரு காரணம். வளர்ப்புக் கையேடுகளின் செல்லப்பிள்ளை அது.

நம் பக்கத்துக் கையேடுகளில் நாகர்கோவிலில் பிறந்த ஜே.சி. டேனியல் 1983-இல் எழுதிய இந்திய ஊர்வன பற்றிய நூல் ஒரு தலைமுறைக்கு வழிகாட்டியது. 2004-இல் ராமுலஸ் விட்டேக்கரும் அசோக் கேப்டனும் சேர்ந்து செய்த இந்தியப் பாம்புகளின் களக் கையேடு செங்கல்பட்டிலிருந்து வெளியானது. படமெடுத்த பாம்பை அழகாகக் காட்டுவதோடு நிற்காமல், தலையை மேலிருந்து, பக்கவாட்டில், உடம்பின் நடுவை, வாலின் அடியை என்று எண்ணத்தக்க விதத்தில் காட்டும் புத்தகம். எந்தக் கையேட்டுக்கும் காலம் உண்டு. ஒரே இனம் என்று இவை எல்லாம் சொன்ன ராஜநாகத்தை 2024-இல் நான்காகப் பிரித்துவிட்டார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் வாழ்வது இப்போது தனி இனம்.

கையேடு இல்லாமலே இந்த வேலையைச் செய்பவர்கள் வடநெம்மேலியில் இருக்கிறார்கள். பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றுபோன பிறகு, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. பிடித்த பாம்புகளை வாயில் துணி கட்டிய மண்பானைகளில் வைப்பார்கள். வாரம் ஒருமுறை நஞ்சு எடுத்து, சுமார் நான்கு வாரத்தில் காட்டில் விட்டுவிடுவார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் போடுவது வழக்கம், அதே பாம்பை மறுபடி பிடித்துவிடாமல் இருக்க. அருங்காட்சியகக்காரர்கள் எண்ணும் அதே செதிலை இவர்கள் பதிவேடாக்கியிருக்கிறார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வளை வாயில் கிடக்கும் பாம்புச் சட்டையைப் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று இருளர்கள் சொல்வார்கள். நாமும் கொஞ்சம் முயலலாம். செதில் எண்ணிப் பழக இதைவிட ஆபத்தில்லாத வழி கிடையாது. சட்டையில் நிறம் அநேகமாக இருக்காது. உரியும்போது இழுபட்டு நீண்டுவிடுவதால் நீளத்தையும் நம்ப முடியாது. செதில்களோ கண்ணை மூடியிருந்த கண்ணாடிச் செதில் உட்பட ஒன்று விடாமல் பதிந்திருக்கும். வெயிலில் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடியோடு முதுகின் நடுவரிசையைப் பார்த்தால் அறுகோணம் தெரிகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். உரித்துவிட்டுப் போனவர் பக்கத்திலேயே இருக்கக்கூடும் என்ற நினைப்பு மட்டும் இருக்கட்டும்.

தவளைக்கு வந்தால் இந்தக் கெட்டிக்காரத்தனம் எல்லாம் பலிக்காது. செதிலே இல்லை. விரல் நுனித் தட்டு, விரலிடைச் சவ்வு, செவிப்பறையின் அளவு, தொடையின் நிறம் என்று கையேடுகள் தடுமாறும். ஒரே குளத்தில் ஒரே இனத்தின் பத்துத் தவளைகள் பத்து நிறத்தில் இருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து எஸ்.டி. பிஜுவும் கூட்டாளிகளும் 2014-இல் நடனத் தவளைகளில் மட்டும் 14 புதிய இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தார்கள். அச்சிட்ட தவளைக் கையேடு எதுவும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

அதனால் தவளைக் கையேடுகள் காதைத் துணைக்கு அழைத்தன. ஆண் தவளையின் குரலைக் கேட்டுத்தான் பெண் வருகிறது. இனம் மாறிப் போனால் முட்டை வீண். அந்தத் தவறை அது செய்யாதபடி குரல் இனத்துக்கு இனம் வேறாக இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் சாம்பல் மரத்தவளைகள் இரண்டு இனம். கண்ணால் பிரிக்க முடியாது. ஒன்றின் செல்லில் குரோமோசோம் தொகுதி இரண்டு, மற்றதில் நான்கு. வெளியே தெரியும் ஒரே வேறுபாடு, கத்தும்போது வரும் அதிர்வுகளின் வேகம். ஒன்று வேகமாக அதிரும், மற்றது நிதானமாக. சரி, அதை எண்ணிவிடலாம் என்று ஒலிப்பதிவு எடுத்துப் போனால் ஒரு சிக்கல். தவளையின் உடம்பு சுற்றுப்புறச் சூட்டையே வாங்கிக்கொள்வது. குளிர்ந்த இரவில் வேக இனம் மெதுவாகக் கத்தும், வெதுவெதுப்பான இரவில் நிதான இனம் வேகமாகக் கத்தும். ஆகவே ஒலிப்பதிவோடு வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதில் பெண் தவளை ஏமாறுகிறதா? 1978-இல் கார்ல் ஜெர்ஹார்ட் செய்த சோதனைகளின்படி ஏமாறுவதில்லை. குளிரில் பெண்ணின் விருப்பமும் அதே அளவு மெதுவான குரலுக்கு இறங்கிவிடுகிறது. குரல் எழுப்பும் உடலும் கேட்கும் மூளையும் ஒரே சூட்டில் இருக்கின்றன.

இனங்காணும் நூல்களில் ஓரமாகக் கிடக்கும் இந்த வெப்பமானி, வளர்ப்பு நூல்களில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கும். வளர்ப்பு நூல் என்றதும் நம் நாட்டில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நட்சத்திர ஆமையோ உடும்போ மலைப்பாம்போ வீட்டில் வைத்துக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. இங்கே இந்த நூல்கள் உயிரியல் பூங்காக்களுக்கும் பண்ணைகளுக்கும்தான். அப்படியிருந்தும் நான் அவற்றை விரும்பிப் படிப்பதுண்டு. ஒரு கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், பிராணி தனக்கு வேண்டிய சூட்டை நடந்து போய்த் தேர்ந்துகொள்ளும் என்ற ஒற்றை விதியில் ஊர்வனவின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

முட்டை பற்றிய பகுதியில் எல்லா நூலும் ஒரே கட்டளையோடு தொடங்கும்: எடுக்கும் முன் முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போடு, கடைசி வரை அந்தப் பக்கம் மேலேயே இருக்கட்டும். கோழி தன் முட்டையை நாளுக்குப் பலமுறை புரட்டும். முதலை, ஆமை முட்டைகளில் கரு இட்ட ஒரு நாளுக்குள்ளாகவே மேல்பக்கத்து உள்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. புரட்டினால் பிய்ந்து இறந்துவிடும். அடைகாப்புப் பெட்டியில் எத்தனை டிகிரி வைப்பது என்பது அடுத்த பத்தி. நெடுநாள் வரை, கரு சாகாத சூடு எதுவானாலும் சரி என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள்.

1966-இல் செனகலில் மேடலின் ஷார்னியே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஓணான் வகை ஒன்றின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் அடைவைத்தபோது, குஞ்சுகளின் பால் சூட்டுக்கேற்ப மாறுவதைக் கண்டு எழுதினார். சில ஆண்டுகள் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. கவனித்தபோது முதலைகளும் ஆமைகளில் பலவும் அப்படியே என்று தெரியவந்தது. இதற்கிடையே இந்தியாவில் 1975-இல் முதலைகளைக் காப்பாற்றும் திட்டம் தொடங்கியிருந்தது. 1976-இல் விட்டேக்கர் குழுவினர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். அங்கே சதுப்புநில முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு தடவை முட்டையிட்டன. சோதித்துப் பார்க்க முட்டைக்குப் பஞ்சமில்லை. ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் 1989-இல் வெளியிட்ட முடிவு: 28 முதல் 31 டிகிரி வரை அடைவைத்தால் அத்தனையும் பெண். 32.5 டிகிரியில் அத்தனையும் ஆண். அதற்கு இருபுறமும், 31.5, 33 டிகிரிகளில், கலந்து வரும். இடைவெளி ஒன்றரை டிகிரி. காய்ச்சலா இல்லையா என்று தீர்மானிக்க நாம் பார்க்கும் வேறுபாட்டின் அளவு.

அது வரைக்கும் உலகம் முழுவதும் நல்லெண்ணத்தோடு முட்டை பொரித்தவர்கள் தங்களை அறியாமலே ஒரு பாலை மட்டும் உற்பத்தி செய்துகொண்டிருந்திருக்கலாம். கடலாமை முட்டைகளைத் தெர்மோகோல் பெட்டிகளில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. மணலைவிடப் பெட்டி குளிர்ச்சி. கடலாமையில் குளிர்ச்சி என்றால் ஆண். 1980-இல் மிரசோவ்ஸ்கியும் இன்டெமாவும் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு அடைகாப்பு நூல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து சேகரிக்கும் பங்குனி ஆமை முட்டைகளையும் மணலில்தான் புதைக்கிறார்கள். வெயில் ஏறும் நாட்களில் நிழல் வலை கட்டுவது குஞ்சுகள் உயிர் பிழைப்பதற்கு மட்டுமல்ல.

சூடு எப்படிப் பாலாகிறது? மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமையில் 2018-இல் ஒரு கண்ணி பிடிபட்டது. குளிர்ந்த முட்டைக்குள் ஒரு நொதி சுறுசுறுப்பாகி, ஆண் உறுப்பை வளர்க்கும் மரபணுவின் மேல் கிடக்கும் பூட்டைக் கழற்றுகிறது. அந்த நொதியை முடக்கினால், ஆணாகியிருக்க வேண்டிய குஞ்சுகளில் பெரும்பாலானவை பெண்ணாகிவிட்டன. முதலையில் இதே ஏற்பாடு தலைகீழான சூட்டில் எப்படி ஓடுகிறது என்பது இன்னும் முழுதாக விடுபடவில்லை. ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானோ இன்னும் விந்தை. அதற்குப் பால் குரோமோசோம் உண்டு. ஆனால் முட்டையின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஆண் குரோமோசோம் கொண்ட குஞ்சும் பெண்ணாகப் பிறந்து, முட்டையும் இடும். வளர்ப்புப் பெட்டியில் தெரிந்த இது காட்டிலும் நடக்கிறது என்று 2015-இல் உறுதியானது. அப்படிப்பட்ட பெண்ணின் பிள்ளைகளுக்குப் பெண் குரோமோசோம் போயே போய்விடுவதால், அடுத்த தலைமுறையின் பாலைச் சூடு மட்டுமே தீர்மானிக்கிறது.

எல்லாத் தாயும் முட்டையின் சூட்டை வெயிலிடம் விட்டுவிடுவதில்லை. மலைப்பாம்பு முட்டைக் குவியலைச் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். 1841-இல் பாரிஸ் பூங்காவில் அஷீல் வலென்சியென் வெப்பமானியை அந்தச் சுருளுக்குள் வைத்துப் பார்த்து, வெளியைவிட உள்ளே சூடு அதிகம் என்றார். குளிர் இரத்தப் பிராணி சூடு உண்டாக்குவதா என்று நம்ப மறுத்தவர்கள் பலர். நியூயார்க் பூங்காவில் ஓர் இந்திய மலைப்பாம்பை வைத்து 1966-இல் மறுபடி அளந்தபோது விஷயம் துலங்கியது. காற்று குளிரக் குளிர, தாயின் உடல் தசைகள் விட்டுவிட்டுத் துடிக்கின்றன; துடிப்பு கூடக்கூட முட்டைகளின் சூடு ஏறுகிறது. நாம் நடுங்குகிற அதே உத்தி.

இனி செதிலுக்கே திரும்பலாம். அமெரிக்காவின் வேட் ஃபாக்ஸ், 1948-இல், குட்டி போடும் கார்ட்டர் பாம்புகளில் சினையானவற்றில் சிலதைக் குளிரிலும் சிலதை வெதுவெதுப்பிலும் வைத்து வளர்த்தார். பிறந்த குட்டிகளின் செதில்களை எண்ணினார். இரண்டு கூட்டத்தின் எண்ணிக்கையும் வேறுபட்டது. சாராயத்தில் அழியாத, வெயிலில் மங்காத, வயதானாலும் மாறாத அந்த எண், பிறப்பதற்கு முன் சில வாரங்களில் தாய் எங்கே குளிர்காய்ந்தாள் என்பதால் சற்று அசைந்திருக்கிறது. முதுகின் திசு துண்டு துண்டாகும் தாளம் என்றோமே, அதுவும் சூட்டுக்குக் கட்டுப்பட்டதுதான். கையேடுகளில் வயிற்றுச் செதிலுக்கு ஒற்றை எண் போடாமல், இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று இடைவெளி விட்டுப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். மரபு, ஆண் பெண் வேறுபாடு, வாழும் ஊர் ஆகியவற்றோடு, ஒரு கோடைக்காலத்தின் வெயிலும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

பெரும்பாலான செதில் நூல்கள் சின்னஞ்சிறு பாம்பு ஒன்றோடுதான் தொடங்கும். வயிற்றுச் செதில் அகலமே ஆகாத, எண்ணத் தொடங்கியதும் முதல் கேள்வியிலேயே கழிந்துவிடுகிற புழுப்பாம்பு. சில ஊர்களில் செவிப்பாம்பு என்பார்கள், காதுக்குள் நுழைந்துவிடும் என்ற பயத்தில், நுழைவதில்லை. மழை பெய்தால் குளியலறைச் சாக்கடை வழியாக வரும். மண்புழு என்றே பலரும் தள்ளிவிடுவார்கள். மண்புழுவுக்கு நாக்குக் கிடையாது. இதற்கு உண்டு, நீட்டி நீட்டி இழுக்கும். உடம்பைச் சுற்றி எங்கே எண்ணினாலும் 20 வரிசைச் செதில். ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் கண்டு படம் போட்டதை வைத்து 1803-இல் பிரான்சின் தோதென் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பெயர் வைத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான், சேகரித்த அத்தனையும் பெண் என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் தட்டியது. 1987-இல் செல்களைப் பார்த்தபோது குரோமோசோம்கள் மும்மூன்று தொகுதியாக இருந்தன. ஆணே இல்லாமல் தாய் தன்னைப் போன்ற மகள்களையே முட்டையிடுகிறது. அதனால்தான் பூந்தொட்டி மண்ணில் ஒளிந்து கப்பலேறிய ஒன்றிரண்டு போதும், ஹவாய், மெக்சிகோ, ஃபுளோரிடா என்று போன இடமெல்லாம் பெருகிவிட்டது. இதை இனப்பெருக்கம் செய்வது எப்படி என்று யாராவது கையேடு எழுதினால், ஜோடி சேர்ப்பது பற்றிய பகுதி முழுவதையும் வெட்டிவிடலாம். ஈர மண் நிறைந்த ஒரு பூந்தொட்டி, எறும்பு முட்டை, ஒரு பாம்பு.